விசிட்டர்ஸ் புக்கில் பதினோரு கைக்குழந்தைகள்

எழுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயது நடந்துகொண்டிருந்தபோது, சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட்டை ஒட்டியிருந்த அரசுத் தொடக்கப்பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேரும்படி உத்தரவு வந்தது. எலப்புள்ளியில் எங்கள் வீட்டில் யாரும் சந்தோஷப்படவில்லை. வயலைத் தாண்டி நடந்துபோய் வருகிற தூரத்தில் வேலை கிடைக்கும் என்று நினைத்திருந்தார்கள். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று சுற்றி, அப்புறம் மலையேறித் திரும்பவும் கேரளாவுக்குள் நுழைய வேண்டும் என்று தெரிந்ததும் அப்பா, உத்தரவைக் கொண்டுவந்த தபால்காரரையே பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, கேரளாவுலிருந்து கேரளாவுக்குப் போறதுக்கு எதுக்குங்க தமிழ்நாட்டுக்குள்ள பூந்து போகோணும்?"

தபால்காரர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். அந்தச் சுற்று வழியிலேயே ஒரு டிரங்குப் பெட்டியோடு போய்ச் சேர்ந்தேன்.

பள்ளிக்கூடம் என்பது இரண்டு அறைகளும் ஒரு வராந்தாவும். ஓர் அறையில் மலையாள வகுப்பு, ஹெட்மாஸ்டர் எடுப்பார். இன்னோர் அறையில் தமிழ் வகுப்பு. ஒன்றிலிருந்து நாலு வரை எல்லாரும் ஒரே அறையில், நான் ஒருத்தி. ஹெட்மாஸ்டர் கோட்டயம் பக்கத்துக்காரர், ஓய்வுபெற நாலைந்து வருடம் இருந்தவர். மலைக்கு வந்தபிறகு தமிழ் கற்றுக்கொண்டிருந்தார். அவருடைய தமிழ் மலையாளத்தில் தொடங்கி மலையாளத்தில் முடியும். நடுவில் கொஞ்சம் தமிழ் இருக்கும். அவருக்கு ஒரு குணம் உண்டு. எந்த ரிஜிஸ்டரிலும் பொய் எழுத மாட்டார். மழை பெய்தால் மழை என்றும், தான் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பத்து நிமிடம் என்றும் எழுதி வைப்பார்.

முதல் நாளே நான் ஒரு குழப்பத்தை உண்டாக்கிவிட்டேன். எங்கள் ஊரில் பெற்ற பிள்ளையைக்கூட "வாங்க கண்ணு" என்றுதான் கூப்பிடுவோம். அது மரியாதை என்றுகூட எங்களுக்குத் தோன்றாது, வாய் அப்படித்தான் வரும். வகுப்பில் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுமியைப் பார்த்து, "உங்க ஊடு எங்கீங்க அம்மிணி?" என்று கேட்டேன். அவள் திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது. வகுப்பே சிரித்தது. அவள் எஸ்டேட் லயத்துப் பெண். லயம் என்றால் தொழிலாளிகளுக்கென்று எஸ்டேட் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். அங்கே பிறந்ததிலிருந்து அவளிடம் யாரும் "ங்க" போட்டுப் பேசியதில்லை.

ஒரே வாரத்தில் எனக்கு "ங்க டீச்சர்" என்று பெயர் விழுந்தது. அடுத்த வாரம் எஸ்டேட் சூப்பர்வைசர் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய மகளும் என் வகுப்பில்தான் படித்தாள். தொப்பியைக் கழற்றாமல் வராந்தாவில் நின்றபடி சொன்னார்:

"டீச்சர், நீங்க படிச்சவுக. எம் புள்ளையவும் 'வாங்க'ங்கிறீக, லயத்துப் புள்ளையவும் 'வாங்க'ங்கிறீக. வீட்டுக்கு வந்து அழுவுது. அப்படின்னா ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்?"

நான் பயந்துபோனேன். ஐயோ, பெரிதாக ஒன்றும் நினைத்துச் செய்யவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாயில் வந்தது, "வித்தியாசம் ஒண்ணுமில்லீங்க."

சத்தியமாக அதை நான் சமாதானமாகத்தான் சொன்னேன். அவர் முகம் கறுத்துப் போய்த் திரும்பி நடந்தார். சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி மூன்று லயங்களுக்கும் போய்விட்டது. சூப்பர்வைசரை நேருக்கு நேர் பார்த்து, "உன் பிள்ளைக்கும் லயத்துப் பிள்ளைக்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை" என்று புது டீச்சர் சொன்னாளாம், அவர் வாயடைத்துப் போனாராம். நான் அன்று இரவு சாப்பிடக்கூட இல்லை, வேலை போய்விடும் என்ற பயத்தில். லயத்தில் என்னைப் பெரிய தைரியசாலி என்று பேசிக்கொண்டார்களாம்.

இதன் பலன் அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நான் குடியிருந்த அறைக்கு லயத்துப் பெண்கள் மூன்று பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி நன்றாகச் சத்தம் போட்டுப் பேசுவாள். மலைச்சரிவில் ஒரு மூலையில் காய் எடுக்கும்போது பேசினால் மறு மூலையில் கேட்கும். சுவரைப் பார்த்த சிறுமி அவளுடைய மகள்தான் என்று அன்றுதான் தெரிந்தது.

"உட்காருங்க" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மறுபடி சொன்ன பிறகு உட்கார்ந்தார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டேன். வருகைப் பதிவேட்டில் பதினாலு பெண்பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. வகுப்புக்கு வருவது மூன்று பேர். அதில் ஒருத்தி சூப்பர்வைசர் மகள். மற்றவர்கள் எங்கே?

"எங்க போவாளுக? வீட்டுலதான் இருக்காளுக" என்றாள் சத்தக்காரி. "நாங்க காய் எடுக்கப் போயிட்டா கைப்புள்ளைய யாரு பாக்குறது? எம் மக அன்னிக்கு வந்தாளே, அது எம் மாமியா வந்திருந்ததால. அது ஊருக்குப் போயிருச்சு. அதோட அவளும் நின்னுட்டா."

"அப்படீன்னா குழந்தையையும் தூக்கிட்டு வரச் சொல்லுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரில் விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை மணியடித்ததும் பாதையில் பதினோரு பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொருத்தி இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை. இரண்டு குழந்தைகள் அழுதுகொண்டே வந்தன. ஒன்று சிரித்தது. மற்றவை மூக்கொழுகிக்கொண்டு என்னைப் பார்த்தன.

ஹெட்மாஸ்டர் தன் அறையிலிருந்து வெளியே வந்து வராந்தாவில் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சரே, இது எந்தா?"

"தம்பி தங்கச்சிங்க சார்."

"இது சரியாகில்ல கேட்டோ. கிளாஸ் முறியில் ஸ்டூடண்ட் இருக்கலாம், டீச்சர் இருக்கலாம். வேறே ஆள் இருக்கறதுக்கு ரூல் இல்லா."

எனக்கு அழுகை வந்தது. திருப்பி அனுப்பினால் பதினோரு பேரும் இனி வரமாட்டார்கள். என் கண் கலங்கியதை அவரும் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் ரூல் என்றால் ரூல். தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனார். அலமாரியைத் திறந்து ரூல் புத்தகத்தை எடுத்து அரை மணி நேரம் படித்தார். அதுவரை பதினோரு பேரும் குழந்தைகளோடு வராந்தாவிலேயே நின்றார்கள். பிறகு ஒரு நீளமான தடிப்புத்தகத்தோடு முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார்.

"டீச்சரே, வழி உண்டு! ஸ்டூடண்டும் டீச்சரும் அல்லாத ஆள் பள்ளிக்கூடத்தில் வந்தால் அவர் யாரு? விசிட்டர்! விசிட்டர் வந்தால் விசிட்டர்ஸ் புக்கில் எழுதணும். எழுதினால் போதும், இருக்கலாம்."

அந்தப் புத்தகத்தில் வருடத்துக்கு ஒருமுறை வருகிற கல்வி அதிகாரியின் பெயர்தான் இருக்கும். அன்று ஒரே நாளில் பதினோரு பெயர் ஏறியது. தேதி, பெயர், வந்த நோக்கம், குறிப்பு, ஒப்பு என்று ஐந்து கட்டங்கள். ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து. வந்த நோக்கம் என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்தபடி யோசித்துவிட்டு, "அக்காவின் படிப்பு" என்று மலையாளத்தில் எழுதினார். அதையே பதினோரு முறையும் எழுதினார். குறிப்பு என்ற கட்டத்தைச் சாயங்காலம்தான் நிரப்புவார். குழந்தை அன்றைக்கு என்ன செய்ததோ அதை எழுதுவார்.

ஒப்புக்குத்தான் சிக்கல் வந்தது. ஒப்பில்லாமல் விட்டால் பதிவு செல்லாது. அதற்கும் ரூலில் வழி இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். ஊதா மைப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு குழந்தையின் கட்டைவிரலையும் பிடித்து, "சாரமில்லா மோனே, சாரமில்லா" என்று, பரவாயில்லை மகனே என்ற அர்த்தத்தில், கொஞ்சிக்கொண்டே உருட்டினார். மொச்சைக்கொட்டை அளவில் பதினோரு கைநாட்டுகள். குழந்தைகள் விடுபட்டவுடனே செய்த முதல் காரியம் அந்த விரலை வாயில் வைத்ததுதான்.

மூன்று நாள் இது நடந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மணியடிக்கும் முன்பே கீழே பாதையில் ஒரு சத்தம் கேட்டது. யார் குரல் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னால் பத்துப் பெண்கள், இடுப்பில் கட்டிய சாக்கோடும் முதுகில் கூடையோடும், வேலைக்காட்டிலிருந்து நேராக வந்திருந்தார்கள்.

"டீச்சரம்மா! எம் புள்ளைக்கு வாயெல்லாம் ஊதாவா இருக்குதேன்னு மொத நா பயந்து போயி நாவப்பழம்னு நெனச்சேன். இப்ப நாவப்பழ காலமா? வெரலப் பாத்தா மை! எங்க புள்ளைககிட்ட எதுக்குக் கைநாட்டு வாங்குனீக?"

ஹெட்மாஸ்டர் நடுவில் வந்து விசிட்டர்ஸ் புக்கை விரித்துக் காட்டினார். அது இன்னும் மோசமாகிவிட்டது. அவர்கள் அறிந்தவரை, விரித்துக் காட்டுகிற பெரிய புத்தகத்தில் கைநாட்டு வைத்தால் அதற்கப்புறம் நல்லது எதுவும் நடந்ததில்லை.

அவள் புத்தகத்தில் தன் குழந்தையின் விரல் அடையாளத்தைப் பார்த்தாள். அப்போதுதான் குரல் தாழ்ந்தது.

"கூலி வாங்க ஸ்டோருக்குப் போனாலும் நாங்க கைநாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கைநாட்டு. எங்க புள்ளைகளாச்சும் கையெழுத்துப் போடட்டும்னுதான இங்க அனுப்புறோம்? பல்லு மொளைக்கும் முன்னாடியே அதுககிட்டயும் கைநாட்டு வாங்கிட்டீகளே சாரு!"

ஹெட்மாஸ்டர் மைப்பெட்டியை மூடி இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அவருக்கு யாரையும் அவமானப்படுத்துகிற எண்ணம் கனவிலும் கிடையாது. ரூல் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னார்:

"மைனருக்கு வேண்டி ரக்ஷகர்த்தா ஒப்பிடலாம். ரூல் உண்டு."

நான் மொழிபெயர்த்தேன்: குழந்தைக்குப் பதிலாக அம்மா கையெழுத்துப் போடலாம்.

"எங்களுக்குத் தெரியாதே" என்றாள் அவள்.

"நான் சொல்லித் தாரேனுங்க" என்றேன்.

மறுநாளிலிருந்து அவர்கள் வேலைக்குப் போகும் வழியில் ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்தில் நிற்பார்கள். மொத்தம் பத்து நிமிடம்தான் கிடைக்கும். சிலேட்டில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக் கொடுப்பேன். அதன்மேல் குச்சியை ஓட்டுவார்கள். மீதிப் பாடத்தை மகள்கள் லயத்தில் எடுத்தார்கள். அந்த டீச்சர்கள் என்னைப்போல் "ங்க" போடுகிறவர்கள் அல்ல. "எத்தன தடவ சொல்றது? கொம்ப மேல போடு!" என்று அம்மாவின் கையில் குச்சியால் தட்டுவார்களாம். ஒருத்தி வந்து என்னிடம் புகார் செய்தாள். "எம் மக என்னிய முட்டி போட வச்சிட்டா டீச்சரம்மா."

அவர்களுக்குள் ஒரு பொறாமையும் வந்தது. ஒருத்திக்கு இரண்டே எழுத்தில் பெயர். ஒரே வாரத்தில் எழுதிவிட்டு, மற்றவர்கள் எழுதும்போது மேற்பார்வை பார்க்க ஆரம்பித்தாள். சத்தக்காரியின் பெயர் எட்டு எழுத்து. "எங்கப்பன் எனக்குன்னு பாத்து ரயிலு மாதிரி வச்சிருக்கான்" என்று திட்டிக்கொண்டே எழுதுவாள். இன்னொருத்தி ஒரு நாள் என் காதருகே வந்து கேட்டாள்: "டீச்சரம்மா, இந்தப் பேரு எனக்குப் புடிக்கவே இல்ல. எழுதத்தான போறோம், புடிச்ச பேரா எழுதிக்கலாமா?" ஹெட்மாஸ்டரிடம் கேட்டேன். "அது பொய்யாயிப் போகும்" என்று சொல்லிவிட்டார். அவள் அடுத்த இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு மாதத்தில் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கோணல்தான். கட்டத்துக்குள் நிற்காது. சத்தக்காரியின் கையெழுத்து, குறிப்புக் கட்டத்தில் தொடங்கி ஒப்புக் கட்டத்தைக் கடந்து பக்கத்தின் ஓரத்தில் மடிந்து கீழே இறங்கும். ஹெட்மாஸ்டர் அவளுக்கென்று இரண்டு வரி விட்டு எழுதத் தொடங்கினார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கல்வி அதிகாரி வந்தார். வருகிற செய்தி பூப்பாறையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன்பே எட்டிவிட்டது. "குழந்தைகளை ஸ்டோர் பக்கமா அனுப்பிரலாங்களா சார்?" என்று கேட்டேன். ஹெட்மாஸ்டருக்குப் புரியவே இல்லை. "எதுக்கு? புக்கில் உண்டல்லோ."

அதிகாரி குண்டானவர். ஜீப் வராத கடைசி ஏற்றத்தை நடந்து ஏறி, மூச்சு வாங்கியபடி நாற்காலியில் விழுந்தார். அவரும் ஹெட்மாஸ்டரும் மலையாளத்தில்தான் பேசினார்கள். நான் அறைக்கதவருகே நின்றிருந்தேன். என் நினைவில் இருப்பதைத் தமிழில் சொல்கிறேன்.

வழக்கம்போல விசிட்டர்ஸ் புக்கைக் கேட்டார். தான் போன வருடம் எழுதிய குறிப்புக்குப் பிறகு பக்கம் பக்கமாகப் புரட்டினார். பக்கங்கள் முடியவில்லை. அவர் முகம் மாறியது. பஸ்கூட வராத ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாளைக்குப் பதினோரு பிரமுகர்கள்.

"யாரெல்லாம் வந்து போகிறார்கள் மாஷே? எனக்கு மேலே இருந்து யாராவது வருகிறார்களா?"

ஹெட்மாஸ்டர் பதில் சொல்லும் முன்பே அவர் குறிப்புகளைச் சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார். "விசிட்டர் காலை முழுதும் அழுதார். விசிட்டர் மேசைக்காலைக் கடித்தார். விசிட்டர் கணக்குப் பாடத்தின்போது வெளியேற முயன்றார்." அடுத்த வரியில் நின்றார். காது சிவந்தது. "விசிட்டர் உப்புமா சாப்பிட்டவுடன் உறங்கிவிட்டார்."

புத்தகத்தைக் கீழே வைத்தார். போன வருடம் அவர் வந்தபோது, பிள்ளைகளுக்கு மத்தியானம் போடும் மஞ்சள் ரவை உப்புமாவை ருசி பார்க்கிறேன் என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு அதே நாற்காலியில் நாலு மணி வரை தூங்கினாராம்.

"இது என்னைப் பற்றியா?"

"ஐயோ, இல்லை சார்" என்றார் ஹெட்மாஸ்டர். "சார் உறங்கியதை நான் எழுதவில்லை."

நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். நல்லவேளையாக அந்த நேரத்தில் ஒரு விசிட்டர் தவழ்ந்து வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து அதிகாரியின் செருப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. அதன் அக்கா பின்னால் ஓடிவந்து, அதிகாரியைப் பார்த்ததும் வாசலிலேயே உறைந்து போனாள். கையில் நாலாம் வகுப்புப் புத்தகம்.

அவர் குழந்தையைப் பார்த்தார். சிறுமியைப் பார்த்தார். புத்தகத்தை மறுபடி எடுத்து, இந்த முறை வாய்விட்டு வாசிக்காமல் வந்த நோக்கம் என்ற கட்டத்தை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரே சொற்கள்தான், பக்கத்துக்குப் பக்கம். பிறகு ஒப்புக் கட்டம். இது யார் கையெழுத்து என்று கேட்டார். சொன்னேன். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இந்த எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறையும் ஆயாவும் இருக்கவேண்டுமே. சட்டத்தில் உண்டு. எங்கே அது?" என்றார்.

அப்படி ஓர் அறை இருப்பது எனக்கும் தெரியாது. ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் பலகைகூடத் தொங்கியது. சூப்பர்வைசர் சாவியோடு வந்து திறந்தார். உள்ளே கூரை வரை உரமூட்டை. மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆடும் இரண்டு குட்டிகளும்.

"புள்ளைக யாரும் வர்றதில்ல சார்" என்றார் சூப்பர்வைசர். "அதான்."

"இவை?" என்றார் அதிகாரி, குட்டிகளைக் காட்டி.

சூப்பர்வைசர் தொப்பியைக் கழற்றினார். அவர் தலையை நான் பார்த்தது அன்றுதான்.

அதிகாரிக்கு எஸ்டேட்டின்மேல் அதிகாரம் இல்லை. தொழிலாளர் ஆபீசருக்குத் தாய்மார்கள் மனு எழுத வேண்டும் என்றார். ஆனால் கைநாட்டு வைத்த மனு வந்தால், அது யாரோ தூண்டிவிட்டு உருட்டியது என்று எஸ்டேட் மேனேஜர் சொல்லிவிடுவாராம். பலமுறை அப்படி நடந்திருக்கிறது என்றார்.

"கைநாட்டா?" என்றாள் சத்தக்காரி, சாயங்காலம் நான் இதைச் சொன்னபோது. "கொண்டாங்க காயிதத்த."

மனுவை நான் எழுதினேன். கையெழுத்துகளுக்கு ஒரு முழுத்தாள் தனியாக வேண்டியிருந்தது. இரண்டு மாதம் கழித்துத் தொழிலாளர் ஆபீசர் ஜீப்பில் வந்தார். மேனேஜர், இது டீச்சர் எழுதிய கையெழுத்து என்று சொன்னாராம். ஆபீசர் பதினோரு பேரையும் கூப்பிட்டு எதிரிலேயே எழுதச் சொன்னார். மேனேஜரின் மேசையில், மேனேஜரின் பேனாவால் ஒவ்வொருத்தியாக எழுதினார்கள். எட்டு எழுத்துக்காரி வேண்டுமென்றே மெதுவாக எழுதினாள் என்று மற்றவர்கள் சொல்லிச் சிரித்தார்கள். ஒவ்வொரு எழுத்து முடிந்ததும் நிமிர்ந்து மேனேஜரின் முகத்தைப் பார்த்தாளாம்.

மழை விட்ட பிறகு அறை காலியானது. சுண்ணாம்பு அடித்தார்கள், தொட்டில் கட்டினார்கள், ஆயா வந்தாள். ஆயா சூப்பர்வைசரின் மைத்துனி. அதில் எல்லாருக்கும் வருத்தம்தான். ஆனால் அவள் குழந்தைகளை நன்றாகவே பார்த்துக்கொண்டாள்.

எல்லாம் நினைத்தபடி முடிந்துவிடவில்லை. பதினோரு பேரில் மூத்தவள், வாய்ப்பாட்டில் என்னையே திருத்துகிறவள், குழந்தை கையை விட்டு இறங்கியதும் பள்ளிக்கு வரவில்லை. கை காலியாகிவிட்டது, இனி காய் எடுக்கலாம் என்று அவள் அப்பா கூட்டிப்போய்விட்டார். இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போய்ப் பேசினேன். "டீச்சர் சொன்னா சரிதான்" என்று இரண்டு முறையும் சொன்னார். அனுப்பவில்லை. என் "ங்க" எல்லாம் அந்த வாசலில் ஒன்றுக்கும் உதவவில்லை. வேலைக்காட்டில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் நான்தான் தலையைக் குனிந்துகொள்வேன். அவள் சிரிப்பாள்.

மற்ற பத்துப் பேரும் இடுப்பில் பாரமில்லாமல் வந்த முதல் திங்கட்கிழமை வகுப்பு வேடிக்கையாக இருந்தது. பாடம் ஒப்பிக்க எழுந்தால், எல்லாரும் இடது இடுப்பை வெளியே தள்ளிக்கொண்டு சாய்ந்து நின்றார்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருத்தி பக்கத்திலிருந்த பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டைச் சொன்னாள்.

அது ஒரு வாரம்தான். அதற்கப்புறம் அவர்கள் அடித்த கொட்டம் சொல்லி மாளாது. அதுவரை அதட்ட வேண்டிய அவசியமே வராத பிள்ளைகள், பெரியமனுஷிகள்போல் இருந்தவர்கள். இப்போது இடைவேளையில் ஓடினார்கள், ஒளிந்தார்கள், சண்டை போட்டார்கள், சூப்பர்வைசர் மகளின் ரிப்பனை ஓடையில் விட்டார்கள். அவள் அழுதுகொண்டு வந்து என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே அவர்களோடு ஓடினாள். ஹெட்மாஸ்டர் கவலையோடு வந்தார்.

"டீச்சரே, முன்பு எத்தனை அடக்கம் உள்ள குட்டிகள்! இப்போ இவங்களுக்கு எந்தா ஆச்சு?"

வெளியே வந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா மரத்தில் நாலு பெண்கள் ஏறியிருந்தார்கள். எல்லாருக்கும் மேலே, ஒடிந்துவிடும் போலிருந்த கிளையில், முதல் நாள் சுவரைத் திரும்பிப் பார்த்தவள். பாவாடையைச் செருகிக்கொண்டு, வாய் நிறையக் காயோடு, கீழே நின்ற என்னைப் பார்த்தாள். மணி அடித்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அதட்ட வேண்டும் என்றுதான் மரத்தடிக்குப் போனேன்.

"டீச்சர், ஒங்களுக்கு ஒண்ணு போடட்டா?" என்றாள்.

கையை நீட்டினேன். ஹெட்மாஸ்டர் வராந்தாவிலிருந்து எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், இன்னும் ஐந்து நிமிடத்தைச் சேர்த்து, வகுப்பு பத்து நிமிடம் தாமதம் என்று எழுதி வைத்தார்.